இந்திய-சீன உறவு: நிர்ப்பந்தத்தால் அல்ல, கொள்கையால்

2020 ஜூன் 17 இரவு. ஹைதராபாத்தின் வடக்கே, போலாரத்தை அடுத்துள்ள ஹகீம்பேட் விமானப்படைத் தளத்தில் மூவண்ணக்கொடி போர்த்திய சவப்பெட்டி ஒன்று இறக்கப்பட்டது. கல்வான் பள்ளத்தாக்கில் அதற்கு இரண்டு நாட்களுக்கு முன் உயிர்நீத்த, 16ஆவது பீகார் படைப்பிரிவின் தலைமை அதிகாரி கர்னல் சந்தோஷ் பாபுவின் உடல் அது. ஆளுநரும் அமைச்சரும் அஞ்சலி செலுத்திய பின்னர், அது சொந்த ஊரான சூர்யாபேட்டைக்குச் சாலை வழியே கொண்டு செல்லப்பட்டது. அதே நாட்களில் இராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூர் கிராமமும் தன் மைந்தர் ஹவில்தார் பழனியின் உடலுக்காகக் காத்திருந்தது. அந்த ஒரே இரவில் இந்தியா இருபது வீரர்களை இழந்தது. சீனா தன் தரப்பில் நால்வர் மாண்டதாக எட்டு மாதங்கள் கழித்தே ஒப்புக்கொண்டது.

ஐந்தாண்டுகளுக்குப் பிறகு, 2025 ஆகஸ்ட் 31 அன்று, சீனத்தின் தியான்ஜின் நகரில் பிரதமர் நரேந்திர மோடியும் அதிபர் ஷி ஜின்பிங்கும் சந்தித்தனர். இந்தியப் பிரதமர் சீன மண்ணில் கால் வைத்தது ஏழாண்டுகளில் இதுவே முதல் முறை. இரு நாடுகளும் வளர்ச்சியில் பங்காளிகளே அன்றிப் போட்டியாளர்கள் அல்ல, வேறுபாடுகள் பூசல்களாக மாறிவிடக் கூடாது என்று இரு தலைவர்களும் உடன்பட்டதாக அறிவிக்கப்பட்டுள்ளது. இந்த மாற்றம் வரவேற்கத்தக்கது. ஆனால் அது எவ்வாறு நிகழ்ந்தது, எவ்வளவு உறுதியானது, எதை இன்னும் தீர்க்காமல் விட்டிருக்கிறது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை காணாமல் வரவேற்பதோடு நின்றுவிடுவது, ஹகீம்பேட்டில் வந்திறங்கிய அந்தச் சவப்பெட்டிக்குச் செய்யும் நியாயம் ஆகாது.

போலாரம் படைகளின் ஊர். நிஜாமின் செலவில் ஆங்கிலேய அதிகாரிகளின் கீழ் இயங்கிய ஹைதராபாத் கண்டின்ஜென்ட் படையின் தலைமையிடம் இங்கேதான் இருந்தது. படைகளைப் பின்தொடர்ந்து சென்னை மாகாணத்திலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் செகந்திராபாத் கன்டோன்மென்ட் பகுதியெங்கும் வேர்விட்டன. போர் மேகம் சூழும்போதெல்லாம் இப்பகுதியின் வீடுகளில் வானொலியும் தொலைக்காட்சியும் இரவெல்லாம் அணையாமல் இருப்பது வழக்கம். ஆங்கிலேய ரெசிடெண்டின் புறநகர் மாளிகை 1950இல் ராஷ்டிரபதி நிலையமாக மாறியது. இந்தியக் குடியரசுத் தலைவர் தெற்கே வந்து தங்கும் இல்லம் அது. முப்படைகளின் தலைமைத் தளபதி என்னும் பொறுப்பை அரசியல் சட்டம் எவரிடம் ஒப்படைத்துள்ளதோ அவரது வாசல் ஒருபுறம். அப்படையில் மாண்டவர்களின் உடல்கள் வந்திறங்கும் தளம் மறுபுறம். இரண்டுக்கும் இடையே சில கிலோமீட்டர் தொலைவுதான். அயலுறவுக் கொள்கை என்பது தலைநகர் தில்லியின் அறைகளில் மட்டும் பேசி முடிக்கப்படும் விவகாரம் அன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இந்த இல்லத்திற்கு உரியவராக 1997 முதல் 2002 வரை இருந்தவர் கே.ஆர்.நாராயணன். 1962 போருக்கு முன்பே திரும்ப அழைக்கப்பட்ட தூதருக்குப் பின், ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் காலியாகவே இருந்த பீக்கிங் தூதர் பதவியை 1976இல் ஏற்றுச் சென்றவரும் அவரே. போர் முடிந்து ஒரு தலைமுறை வளர்வதற்குள் உறவைப் புதுப்பிக்க முடிந்தது என்பதும், அதற்கு மெல்லப் பேசும் பொறுமை தேவைப்பட்டது என்பதும் அந்த நியமனம் தரும் பாடங்கள். 1988 டிசம்பரில் ராஜீவ் காந்தி சீனா சென்றார். 1993 செப்டம்பர் 7 அன்று, தெலங்கானா மண்ணைச் சேர்ந்த பிரதமர் பி.வி.நரசிம்ம ராவின் பயணத்தின்போது, உண்மைக் கட்டுப்பாட்டுக் கோட்டில் அமைதியையும் சமநிலையையும் காப்பதற்கான ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. நரசிம்ம ராவின் பொருளாதாரக் கொள்கையை இடதுசாரி இயக்கம் தெருவில் இறங்கி எதிர்த்தது; இன்றும் எதிர்க்கிறது. ஆனால் அந்த எல்லை ஒப்பந்தம் அவர் ஆட்சியின் ஆக்கபூர்வமான பணி என்பதை மறுப்பதற்கில்லை.

அதைத் தொடர்ந்து 1996இல் படைத்துறை நம்பிக்கை நடவடிக்கைகள் பற்றிய ஒப்பந்தம், 2003இல் சிறப்புப் பிரதிநிதிகள் ஏற்பாடு, 2005இல் எல்லைத் தீர்வுக்கான அரசியல் நெறிகள், 2013இல் எல்லைப் பாதுகாப்பு ஒத்துழைப்பு ஒப்பந்தம் என ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டப்பட்ட அமைப்பு அது. கோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் எவரும் துப்பாக்கியால் சுடவோ வெடிபொருள்களைப் பயன்படுத்தவோ கூடாது என்பது 1996 ஒப்பந்தத்தின் முக்கிய விதி. கல்வானில் இரு தரப்பும் தடிகளாலும் கற்களாலும் இரும்புக் கம்பிகளாலும் மோதிக்கொண்டதற்குக் காரணம் இந்த விதியே. ‘கைகளைக் கட்டிப்போட்ட ஒப்பந்தம்’ என்று சில ஓய்வுபெற்ற தளபதிகளும் தொலைக்காட்சி வீரர்களும் அதைத் தூற்றினர். அன்றிரவு துப்பாக்கிகள் முழங்கியிருந்தால், இரண்டு அணுஆயுத நாடுகளுக்கு இடையே போர் மூண்டிருக்குமா இல்லையா என்பதை அவர்கள் சொல்லவில்லை.

உண்மையில் பிழை ஒப்பந்தத்தில் இல்லை. அதை முழுமையாக நிறைவேற்றாததில் இருந்தது. கட்டுப்பாட்டுக் கோடு எங்கே செல்கிறது என்பதை வரைபடங்களைப் பரிமாறித் தெளிவாக்கிக்கொள்ள 1996இலேயே இரு நாடுகளும் ஒப்புக்கொண்டன. 2000இல் நடுப்பகுதிக்கான வரைபடங்கள் மட்டுமே பரிமாறப்பட்டன. லடாக் அடங்கிய மேற்குப் பகுதிக்கான முயற்சி 2002இல் நின்றுபோயிற்று. சீனத் தரப்பு மேற்கொண்டு முன்வரவில்லை. இந்தியக் கணக்கில் 3,488 கிலோமீட்டர் நீளும் எல்லையின் அளவிலேயே இரு தரப்புக்கும் ஒத்த கருத்து இல்லை. இவ்வாறு இருவருக்கும் இருவேறு கோடுகள் மனத்தில் இருக்கும்போது, ஒருவரது ரோந்து மற்றவருக்கு ஊடுருவலாகத் தெரிகிறது. 2020 ஏப்ரல், மே மாதங்களில் பெரும் படைகளைத் திரட்டிக் களநிலையை மாற்றியது சீனத் தரப்பு என்பதையும் இங்கே பூசி மெழுகாமல் கூற வேண்டும். சோசலிசம் பேசும் நாடு என்பதனால் அதன் ஒவ்வொரு அரசுச் செயலும் சரியாகிவிடாது. அண்டை நாட்டுடனான எல்லைத் தகராறை வலிமையின் துணைகொண்டு தீர்க்க முயல்வதை எந்தப் பாட்டாளி வர்க்கப் பார்வையும் ஏற்காது.

ஒன்றிய பாஜக அரசின் நடத்தையோ வேறு வகையில் குறைபாடுடையது. 2019 அக்டோபரில் மாமல்லபுரத்துச் சிற்பங்களுக்கு முன் இளநீர் பருகிய காட்சிக்கும் கல்வான் குருதிக்கும் இடையே எட்டு மாதங்களே கழிந்தன. தலைவர்களின் தனிப்பட்ட நெருக்கமே கொள்கை என்று காட்டிய பகட்டு, முதல் சோதனையிலேயே உடைந்தது. அதன்பின், 2020 ஜூன் 19 அன்று நடந்த அனைத்துக் கட்சிக் கூட்டத்தில், நம் எல்லைக்குள் எவரும் நுழையவில்லை என்று பிரதமர் கூறினார். எவரும் நுழையவில்லை என்றால் இருபது பேர் எதற்காக மாண்டனர் என்னும் கேள்விக்கு விளக்கங்கள் வந்தன, விடை வரவில்லை. எல்லை நிலவரம் குறித்து முழுமையான விவாதம் நடத்த வேண்டுமென்ற எதிர்க்கட்சிகளின் கோரிக்கை நாடாளுமன்றத்தில் மீண்டும் மீண்டும் மறுக்கப்பட்டது. பாதுகாப்பு இரகசியம் என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. 1962இல் போர் நடந்துகொண்டிருந்தபோதே, நவம்பர் மாதத்தில், நாடாளுமன்றம் கூடி விவாதித்தது என்பதை இவர்கள் வசதியாக மறந்துவிட்டனர்.

வணிகத்திலும் இதே இரட்டை முகம். 2020 ஜூன் 29 அன்று 59 சீனச் செயலிகள் தடைசெய்யப்பட்டன. சீனத் தொலைக்காட்சிப் பெட்டிகளைத் தெருவில் போட்டு உடைத்தவர்களுக்குத் தேசபக்தர் என்னும் பட்டம் கிடைத்தது. ஆனால் 2020-21இல் ஏறத்தாழ 65 பில்லியன் டாலராக இருந்த சீன இறக்குமதி, 2024-25இல் 113 பில்லியன் டாலரைக் கடந்தது. இந்தியாவின் ஏற்றுமதி 14 பில்லியன் டாலர் அளவிலேயே நின்றது. பற்றாக்குறை 99 பில்லியன் டாலர். இதன் பொருளை ஹைதராபாத் நன்கு அறியும். போலாரத்தின் பெயரை ஒத்த பொல்லாரம் தொழிற்பேட்டை உள்ளிட்ட இந்நகரத்தின் மருந்து ஆலைகள், மூலப்பொருள்களுக்குச் சீனாவையே பெரிதும் நம்பியுள்ளன. நாடு இறக்குமதி செய்யும் மருந்து மூலப்பொருள்களில் ஏறத்தாழ 70 விழுக்காடு அங்கிருந்து வருகிறது.

இந்நிலை இயற்கையாக வந்ததன்று. சோவியத் உதவியுடன் ஹைதராபாத்தில் எழுந்த ஐ.டி.பி.எல். என்னும் பொதுத்துறை ஆலை, மருந்து மூலப்பொருள்களை உள்நாட்டிலேயே செய்யக் கற்றுத்தந்த பள்ளிக்கூடமாகத் திகழ்ந்தது. இன்றைய பெரிய தனியார் நிறுவனங்கள் பலவற்றின் வல்லுநர்கள் அங்குப் பயின்றவர்களே. 1990களில் அது நலிவடைந்த நிறுவனமாக்கப்பட்டு முடக்கப்பட்டது. பொதுத்துறையை வீழ்த்திய கைகளே சீனச் சார்பைப் பற்றி இன்று புலம்புகின்றன. தற்சார்பு என்பது விளக்கு அலங்காரத்தைப் புறக்கணிப்பதால் வருவதில்லை. ஆலைகளைக் கட்டுவதால் வருவது.

இவையெல்லாம் தெரிந்தும் ஐந்தாண்டுகள் இறுகிக் கிடந்த நிலை இப்போது தளர்ந்தது ஏன்? படைத் தளபதிகள் மட்டத்தில் இருபத்தொரு சுற்றுப் பேச்சுகள் நடந்தன. 2024 அக்டோபரில் டெப்சாங், டெம்சோக் பகுதிகளில் ரோந்து குறித்து உடன்பாடு ஏற்பட்டது. கசான் நகரில் தலைவர்கள் சந்தித்தனர். 2025 கோடையில் கைலாஷ் மானசரோவர் பயணம் மீண்டும் தொடங்கியது. சீனக் குடிமக்களுக்குச் சுற்றுலா விசா திறக்கப்பட்டது. ஆகஸ்ட் 18, 19 தேதிகளில் சீன அயலுறவு அமைச்சர் வாங் யி தில்லிக்கு வந்தபோது லிபுலேக், ஷிப்கி லா, நாது லா கணவாய்கள் வழியே எல்லை வணிகத்தைத் திறக்கவும், எல்லை வரையறையில் விரைவில் முடிக்கக்கூடியவற்றை ஆராய வல்லுநர் குழு அமைக்கவும் இசைவு ஏற்பட்டது. இவை பொறுமையான உழைப்பின் பலன்கள். தூதர்களுக்கும் களத்தில் நின்ற படை அதிகாரிகளுக்கும் அந்தப் பெருமை உரியது.

ஆயினும் வேகத்தைக் கூட்டியது வேறொன்று. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீது 50 விழுக்காடு தீர்வை விதித்தது. அதில் பாதி, ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்கான தண்டனை. திருப்பூரின் பின்னலாடைத் தொழிலாளியும் ஆந்திரக் கடற்கரையின் இறால் பண்ணைக் கூலியும் இதன் சுமையைத் தாங்க வேண்டியிருந்தது. கடந்த பத்தாண்டுகளில் எந்த நாட்டுடன் தளவாட வசதிப் பகிர்வு, தகவல் தொடர்பு, நிலப்பட விவரப் பகிர்வு என்று மூன்று அடிப்படைப் படைத்துறை ஒப்பந்தங்கள் கையெழுத்தாயினவோ, அந்த நாடே இந்தத் தண்டனையை விதித்தது. அவற்றுள் கடைசி ஒப்பந்தம் கையெழுத்தானது கல்வான் மோதலுக்கு நான்கு மாதங்கள் கழித்து, 2020 அக்டோபர் 27 அன்று. சீனாவுக்கு எதிராக நம்மைக் காப்பார்கள் என்னும் நம்பிக்கையில் குவாட் அணியில் நெருங்கி நின்ற ஆட்சியாளர்களுக்கு, ஏகாதிபத்தியத்திற்கு நண்பர்கள் இல்லை, நலன்களே உண்டு என்பது இப்போதாவது உறைத்திருக்க வேண்டும்.

இங்கேதான் ஆபத்தும் உள்ளது. வாஷிங்டனின் கோபத்தால் தியான்ஜின் சென்றவர்கள், வாஷிங்டன் புன்னகைத்தால் திரும்பிவிடக்கூடும். ஒருவரிடம் பேரம் பேசுவதற்காக மற்றொருவருடன் நட்புக் காட்டுவது அணிசேராமை ஆகாது. 1954 ஏப்ரல் 29 அன்று பஞ்சசீலக் கொள்கைகளை உள்ளடக்கிய ஒப்பந்தத்தில் இந்தியாவும் சீனாவும் கையெழுத்திட்டன. அக்கொள்கைகளை எட்டே ஆண்டுகளில் இரு தரப்பும் காப்பாற்றத் தவறின என்பது உண்மை. அதனால் கொள்கை பொய்த்துவிடவில்லை. அதைக் காப்பதற்கான அன்றாட ஏற்பாடுகள் இல்லாததே தோல்விக்குக் காரணம். வாக்குறுதிகளை மட்டும் நம்பாமல், தொலைபேசி இணைப்பு, ரோந்து அட்டவணை, வரைபடம், தளபதிகளின் முறையான சந்திப்பு ஆகியவற்றையும் நம்ப வேண்டும் என்பதே 1993க்குப் பிந்தைய அனுபவம்.

இன்றைய நிலையும் முழு அமைதி அன்று. மோதல் முனைகளில் படைகள் பின்வாங்கியிருந்தாலும், கிழக்கு லடாக்கில் இரு தரப்பிலும் பல்லாயிரம் வீரர்கள் இன்னும் எதிரெதிரே நிற்கின்றனர். 2020க்குப் பிறகு உருவாக்கப்பட்ட இடைவெளிப் பகுதிகள் சிலவற்றில், சுசுல் சுற்றுவட்டாரத்து மேய்ப்பர்கள் தம் பரம்பரை மேய்ச்சல் நிலங்களுக்குச் செல்ல முடியவில்லை. வாங் யி புறப்பட்ட மறுநாள், ஆகஸ்ட் 20 அன்று, அக்னி-5 ஏவுகணை சோதிக்கப்பட்டது. ஹைதராபாத்தின் ஆய்வுக்கூடத்தில் உருவான ஏவுகணை அது. செப்டம்பர் 3 அன்று பெய்ஜிங்கில் சீனா தன் புதிய ஆயுதங்களை அணிவகுத்துக் காட்டியது. 2025 மே மாதத்தில் பாகிஸ்தானுடன் நடந்த மோதலில் சீனத் தளவாடங்களும் உதவியும் வகித்த பங்கு புதிய ஐயங்களை எழுப்பியுள்ளது. பிரம்மபுத்திராவின் மேற்பகுதியில் சீனா தொடங்கியுள்ள பேரணை, அசாம் மக்களின் கவலையாக உள்ளது. ஆற்று நீர் விவரங்களைப் பகிரும் ஒப்பந்தமோ 2023இலேயே காலாவதியாகிவிட்டது.

இந்தப் பகைமையின் விலையைக் கொடுப்பவர் எவர்? 2025-26 நிதியாண்டில் பாதுகாப்புக்கு 6.81 லட்சம் கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி. ஊரக வேலை உறுதித் திட்டத்திற்கு 86,000 கோடி. நாட்டின் பாதுகாப்புக்குச் செலவிட வேண்டாம் என எவரும் கூறவில்லை. ஆனால் எல்லையில் நிலவும் ஒவ்வோர் ஆண்டுப் பதற்றமும் மருத்துவமனைகளிலிருந்தும் பள்ளிகளிலிருந்தும் எடுக்கப்படுகிறது என்பதைக் கணக்குக் காட்டுகிறது. எல்லையில் நிற்பவர்களும் பெரும்பாலும் உழவர், தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளே. இப்போது அவர்களில் பலர் நான்காண்டுக்கு மட்டும் எடுக்கப்படும் அக்னிவீரர்கள்.

1962இல் பேச்சுவார்த்தையே தீர்வு என்று கூறிய கம்யூனிஸ்டுகள் பலர் இந்தியப் பாதுகாப்புச் சட்ட விதிகளின் கீழ் சிறையிடப்பட்டனர். ‘சீன ஏஜெண்டுகள்’ என்று தூற்றப்பட்டனர். அந்தத் தூற்றலைத் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தவர்களின் வாரிசுகளே இன்று தியான்ஜினில் கைகுலுக்குகின்றனர். இதில் மகிழ்ந்து கொள்ள ஏதுமில்லை. பேசியே தீர வேண்டும் என்னும் எளிய உண்மையை ஏற்க அறுபது ஆண்டுகளும் கல்வானின் இருபது உயிர்களும் தேவைப்பட்டன என்பது வருந்தத்தக்கது. உறையூர் முற்றுகையின்போது ஒரே குடியைச் சேர்ந்த இரு சோழர்களுக்கும் நடுவே நின்று போரை நிறுத்தச் சொன்ன கோவூர்கிழாரின் மரபு தமிழுக்கு உண்டு. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையின் மரபும் உண்டு. சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டின் தமிழ்-சீன இருமொழிக் கல்வெட்டு உள்ளது. 1962 போர் முடிந்த அடுத்த ஆண்டிலேயே சீன வானொலி தன் தமிழ் ஒலிபரப்பைத் தொடங்கியது. அரசுகள் பேசாதிருந்த காலத்திலும் மொழிகள் பேசிக்கொண்டிருந்தன. ஆனால் 2023இல் இரு நாடுகளும் மற்றவர் நாட்டுச் செய்தியாளர்களை ஏறத்தாழ முழுமையாக வெளியேற்றிவிட்டன. ஒருவரை ஒருவர் காணாத இரண்டு நாடுகள், மூன்றாமவரின் கண்ணாடி வழியாகவே பார்த்துக்கொள்கின்றன.

எனவே செய்ய வேண்டியவை தெளிவானவை. கட்டுப்பாட்டுக் கோட்டின் இன்றைய நிலை குறித்து ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் வெள்ளை அறிக்கை வைத்து விவாதிக்க வேண்டும். படைகளை விலக்கியதோடு நில்லாமல், குறைத்துத் தளங்களுக்குத் திருப்பும் கால அட்டவணையை இரு தரப்பும் வகுக்க வேண்டும். நின்றுபோன வரைபடப் பரிமாற்றத்தை மேற்குப் பகுதியில் மீண்டும் தொடங்க வேண்டும். இதில் சீனா தன் பழைய தயக்கத்தைக் கைவிட வேண்டும். லடாக் மேய்ப்பர்களின் நிலவுரிமை பேச்சுவார்த்தையின் பொருளாக வேண்டும். ஆற்று நீர் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டும். செய்தியாளர்களும் மாணவர்களும் மருத்துவர்களும் இரு திசையிலும் சென்று வர வழி திறக்க வேண்டும். அமெரிக்காவுடன் செய்துகொண்ட படைத்துறை ஒப்பந்தங்கள் மறுஆய்வு செய்யப்பட வேண்டும். ஐ.டி.பி.எல். போன்ற பொதுத்துறை ஆலைகளுக்கு உயிரூட்டி, வணிகப் பற்றாக்குறையை உற்பத்தியால் குறைக்க வேண்டும்.

கட்சி உறுப்பினர்களுக்கும் இதில் கடமை உண்டு. அரசு கைகுலுக்கியதால் தெருவில் விதைக்கப்பட்ட வெறுப்பு தானாக வாடிவிடாது. அடுத்த மோதலின்போது அதே தொலைக்காட்சிகள் அதே கூச்சலை எழுப்பும். வடகிழக்கு மாநிலத்து இளைஞரை நகரத் தெருவில் ‘சீனன்’ என்று இழிவுபடுத்தும் வழக்கமும் திரும்பும். தொழிற்சங்கக் கூட்டங்களிலும் கிளைக் கூட்டங்களிலும் எல்லைச் சிக்கலை அதன் வரலாற்றோடும் கணக்கோடும் விளக்கும் பணி இந்த அமைதிக் காலத்தில்தான் நடைபெற வேண்டும். போர் முரசு ஒலிக்கத் தொடங்கிய பின் எவர் காதிலும் நியாயம் விழாது.

போலாரத்தின் மேல் நாள்தோறும் ஹகீம்பேட் பயிற்சி விமானங்கள் பறந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் பறக்கக் கற்கும் இளைஞர்கள் நாட்டைக் காக்கத் தயாராக இருப்பவர்கள். அவர்களை வீணாகச் சாகவிடாமல் காப்பது நாட்டை ஆள்வோரின் கடமை. தியான்ஜின் சந்திப்பு அந்தக் கடமையின் தொடக்கமா, தீர்வைப் போரில் எடுத்த இடைக்கால ஓய்வா என்பதை வரும் மாதங்கள் காட்டும். அதைத் தொடக்கமாக ஆக்கும் நிர்ப்பந்தம் வெளிநாட்டு அதிபரிடமிருந்து வரக் கூடாது. இந்நாட்டு மக்களிடமிருந்து வர வேண்டும்.